ஐந்தரை மணிக் கச்சேரி

"அந்தப் பொம்பிளையை என்ரை கதைக்குள்ளை இருந்து எடுத்து வெளியிலை போடு!"

"அங்கிள், மேசையில அடிக்காதேங்கோ. மெஷின் ஆடுது."

"ஆடட்டும்! நான் என்ன பாட்டுக் கச்சேரிக்கோ வந்தனான்? போராட்டக் கதை குடுக்க வந்தனான். நடுவிலை ஒருத்தி நிண்டு இழுக்கிறாள்!"

"அவ உங்கட கசெற்றிலதான் இருக்கிறா. நாங்க போடேல்ல."

"அப்ப ஆர் போட்டது? பேயோ?"

அந்தச் சொல்லை முதலில் சொன்னது அவர்தான், நான் இல்லை. இதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட்டில் எது நடந்தாலும் "யோகமலர் கட்டிவிட்ட கதை" என்று என் தலையில் போடுவது சனத்துக்குப் பழக்கம். கட்டுவேன்தான், மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு நூல்கூட நான் கூட்டவில்லை. மணி, நிமிடம் எல்லாம் உடனுக்குடன் குறித்த கொப்பி என்னிடம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். தேநீரும் தருவேன்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. பின்னேரம் 4.20. ஸ்காபரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பேஸ்மென்ற் அறை.

அங்கே இரண்டு அலுமாரிகள். ஒன்றில், அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக இசைத்துறைப் பிள்ளைகள் பாடிய கச்சேரிகளின் கசெற்றுகளும் அழைப்பிதழ்களும். மற்றதில், சண்டையில் நின்று தப்பி இந்த நாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் வாயால் சொன்ன கதைகள். இரண்டையும் கொம்பியூற்றரில் ஏற்றிப் பாதுகாப்பது பிரசாந்தினியின் வேலை. இங்கே பிறந்த பிள்ளை. எங்கள் சனத்தின் சத்தத்துக்கு இன்னும் பழகவில்லை.

நான் வொலன்ரியர். கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுப்பேன். சம்பளம் இல்லை. ஊரார் கதையைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் போட்டு, ஒருவரும் குறை சொல்லாமல் கேட்கலாம் என்றால் நான் காசு கொடுத்தும் போயிருப்பேன்.

மேசையில் அடித்தவர் தியாகலிங்கம் அண்ணை. என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். இயக்கத்தில் முகாம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவர். ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடம் "பொறுப்பாளர்" என்றார். பத்து வருடத்தில் அது "தளபதி" ஆகிவிட்டது. இன்னும் பத்து வருடம் விட்டால் என்ன ஆவார் என்று நான் யோசிப்பதுண்டு.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் அட்சயாவுக்கு மில்லிக்கனில் பெரிய வீட்டுச் சம்பந்தம். மாப்பிள்ளை மிதுசன். தகப்பன் தளபதி என்று சொல்லித்தான் அந்தப் பேச்சே பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு அலுமாரிப் பதிவுகளின் வெளியீட்டு விழா. அதில் தியாகண்ணையின் பழைய பதிவைப் போட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. சம்பந்தி வீட்டார் முதல் வரிசை. அன்றைக்கு அவர் பெயர் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மகளின் கலியாணம் ஆடும்.

அவர் தந்தது ஒரே ஒரு கசெற். 1992 இல் முகாமில் இருந்து தானே பேசிப் பதிந்தது. பொருளாதாரத் தடைக் காலம். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் ஏறியிருந்து மிதிப்பார். டைனமோவில் வரும் கரண்டில் றெக்கோடர் ஓடும். மிதிப்பவர் நிறுத்தினால் குரல் இழுபட்டு, தடித்து, அப்படியே செத்துப்போகும். அந்தக் காலத்து ஆட்களுக்கு இது தெரியும்.

பதிவு முழுக்க அந்தச் சத்தம் இருந்தது. கிர்... கிர்... கிர்...

"அங்கிள், ஆர் மிதிச்சது? நாங்க பேர் எழுதோணும்," என்று பிரசாந்தினி கேட்டாள்.

"ஒரு பொடியன்." அவர் கழுத்தைச் சொறிந்தார். "பேர் ஞாபகமில்லை."

பதினேழாம் நிமிடம் நாற்பத்திரண்டாவது நொடியில் அவர் சொல்கிறார்: "என்ரை பொறுப்பிலை ஒருத்தருக்கும் ஒரு அநியாயமும் நடக்கேல்லை." அந்த வசனம் முடிகிற இடத்தில் ஒரு பெண் பாடத் தொடங்குகிறாள். மெல்லிய குரல். எனக்கு ராகம் தெரியாது. கச்சேரியில் பக்கத்துச் சீற்றுக்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு நல்லதா கூடாதா என்று கண்டுபிடிப்பேன். ஆனால் இந்தக் குரல் நல்லது என்று எனக்கே விளங்கியது. ஒரு குறை. மூச்சு வாங்கி வாங்கிப் பாடினாள்.

"ஒரு கச்சேரியை றெக்கோர்ட் பண்ணின கசெற்றில நீங்க மேல பேசியிருக்கிறீங்க, அங்கிள். பழையது முழுக்க அழியேல்ல," என்றாள் பிரசாந்தினி.

நானும் அதையே நினைத்தேன். எங்கள் சனம்தானே. ஒரு கசெற்றில் பத்துத் தரம் பதிவோம். போதாக்குறைக்கு அந்தக் கசெற்றின் கவர்த்தாளே ஒரு கச்சேரி அழைப்பிதழில் வெட்டியது. கடுதாசித் தட்டுப்பாடு. உள்பக்கம் அச்சு எழுத்து: அருள்நாயகி, இசைத்துறை இறுதி வருட மாணவி. வயலின், சச்சிதானந்தன். 16.10.1992 வெள்ளி, மாலை 5.30.

வெளிப்பக்கம் தியாகண்ணையின் கையெழுத்து. அதுவும் 16.10.92. மாலை 5.30.

"அது புதுக் கசெற்," என்றார் அவர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கத்தவில்லை.

கடைசியில் பிரசாந்தினி இறங்கி வந்தாள். கசெற்றில் கைவைக்க மாட்டாள். விழாவில் போட ஒரு பிரதி எடுத்து, அதில் மட்டும் பாட்டை வெட்டலாம். "மலர் அன்ரி வெட்டுவா," என்று என்னைக் காட்டினாள்.

"யோகமலர், வடிவாய் வெட்டு. கலியாணக் கார்ட் முதல் உனக்குத்தான்," என்றார் தியாகண்ணை.

நான் தலையாட்டினேன். முதல் கார்ட் என்றால் சும்மாவா?

வெளியே வந்தபோது அவருடைய மனைவி மங்கையற்கரசி அக்கா காருக்குள் இருந்தா. கண்ணாடி முழுக்க மேலே. அக்காவும் அந்த இசைத்துறையில் ஒரு வருடம் படித்தவ என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பாட்டுப் போடவிடமாட்டா. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு வந்தால் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவா. "ஏனக்கா?" என்று பதினைந்து வருடமாகக் கேட்கிறேன். என்னாலேயே எடுக்க முடியாத ஒரு பதில் உண்டென்றால் அது அதுதான்.

சனிக்கிழமை. பின்னேரம் 3.40.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். பிரசாந்தினி விழா மண்டபத்தில் கதிரை அடுக்கப் போயிருந்தாள். பேஸ்மென்றில் நான் தனியே. ஒரு கோப்பி, இரண்டு றோல்ஸ், ஹெட்போன்.

3.55. பதினேழு நாற்பத்திரண்டில் தொடங்கிய பாட்டை வெட்டினேன். சுத்தமாக வந்தது. திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பாட்டு இருந்தது.

பதினைந்தாம் நிமிடம் பத்தாவது நொடியில்.

நான் ஏதோ பிழையாக அமத்திவிட்டேன் என்று நினைத்தேன். கொம்பியூற்றரோடு எனக்கு அவ்வளவு உறவில்லை. அதையும் வெட்டினேன். 4.12.

திரும்பப் போட்டேன். ஒன்பதாம் நிமிடம் ஐந்தாவது நொடி.

அதே பாட்டு. இப்போது கொஞ்சம் கிட்ட.

எவ்வளவு வெட்டுகிறேனோ அவ்வளவு முன்னுக்கு வந்தாள். தியாகண்ணையின் குரல் குறைந்துகொண்டே போனது. பிரசங்கம் தேய்ந்து கச்சேரி ஆகிக்கொண்டிருந்தது. சிரிப்புக்கூட வந்தது எனக்கு. தளபதியை ஒரு பாட்டுக்காரி பின்வாங்க வைக்கிறாளே என்று.

4.41. வெளியே இருட்டிவிட்டது. டிசம்பரில் இந்த ஊரில் பேய்க்கு நடுச்சாமம் வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை.

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். 5.24. மேசை விளக்கு மங்கியது. பிறகு கூடியது. பிறகு மங்கியது.

பல்ப் பழுது என்று நினைத்தேன். ஆனால் அது ஒரு கணக்கோடு மங்கிக் கூடியது. கிர்... என்னும்போது கூடியது. இடைவெளியில் மங்கியது. கிர்... கூடியது.

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

கிர்... கிர்... கிர்...

சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போன் மேசையில் கிடந்தது. சத்தம் எனக்குப் பின்னால் இருந்தது. இரண்டு அலுமாரிகளுக்கும் நடுவில்.

நான் திரும்பவில்லை. மற்றவர் வீட்டு யன்னல் எல்லாம் எட்டிப் பார்த்த கழுத்து இது. அன்றைக்குத் திரும்ப மறுத்துவிட்டது.

கொம்பியூற்றரின் வயரை இழுத்துக் கழற்றினேன். திரை கறுத்தது. விளக்கின் வயரையும் கழற்றினேன்.

விளக்கு அணையவில்லை.

மங்கியது... கூடியது...

தேங்காய் எண்ணெய் மணத்தது. வியர்வை மணமும். பலநாள் குளிக்காத உடுப்பின் மணம்.

பிறகு ஒரு ஆண் குரல். இளம் குரல். ஆனால் எனக்குத் தெரிந்த குரல். இரண்டு வீடு தள்ளிக் கேட்கிற குரல்.

"நிப்பாட்டாதை."

கிர்... கிர்...

"நான் முடிக்கும் மட்டும் மிதி."

கிர்... கிர்... கிர்...

அதன்பின் மூச்சு. ஒரு பெண்ணின் மூச்சு. என் இடது காதுக்கு அருகே. சூடாக.

அவள் பாடத் தொடங்கினாள்.

தொடக்கத்திலிருந்து.

சுவர் மணிக்கூடு 5.30.

நான் ஓடினேன். கோட்டின் வலது கையில் இடது கையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். லோரன்ஸ் பஸ்ஸில் ஏறி வெக்ஸ்போர்ட்டில் இறங்கும்வரை ஒருவரோடும் கதைக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும், கதை உண்மை என்பதற்கு.

இரவு பிரசாந்தினிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மறுநாள் காலை அவள் போய்ப் பார்த்தாள். நான் வெட்டிய பிரதியில் தியாகண்ணையின் குரல் ஒரு சொல்லும் இல்லை. ஒரிஜினல் கசெற்றிலும் இல்லை. நாற்பத்தைந்து நிமிடமும் பாட்டு.

"அதுக்கென்ன? நான் உயிரோடைதானே இருக்கிறன். நேரிலை பேசுறன்," என்றார் தியாகண்ணை.

ஞாயிறு. விழா மூன்று மணிக்கு என்று போட்டிருந்தார்கள். எங்கள் சனத்துக்கு மூன்று என்றால் நாலரை. விளக்கேற்றி, வரவேற்று, வரவேற்றவரை இன்னொருவர் வரவேற்று, அண்ணையின் கைக்கு மைக் வந்தபோது நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

5.30.

முதல் வரிசையில் சம்பந்தி வீட்டார். பக்கத்தில் அட்சயா, சேலையில். அவளுக்குப் பக்கத்தில் மங்கையற்கரசி அக்கா. அடுத்த சீற்றை நான் முன்னமே பிடித்துவைத்திருந்தேன். அங்கேயிருந்து மேடை மேசைக்குக் கீழேயும் தெரியும்.

நல்லாகத்தான் தொடங்கினார். சம்பந்தியார் தலையாட்டினார். மிதுசன் போனில் படம் பிடித்தான். அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ரை பொறுப்பிலை ஒருத்தருக்கும்..."

குரல் இழுபட்டது.

"ஒரு... அ... நி..."

தடித்தது. மைக் பழுது என்று பிரசாந்தினி ஓடிப்போய் அதை அணைத்தாள். மைக் அணைந்தும் குரல் அப்படியே இருந்தது.

"யா... ய..."

மிதிக்கிறவர் காலை எடுத்துவிட்டால் கசெற் எப்படிச் சாகுமோ, அப்படி.

நின்றது.

வாய் திறந்தபடி. கண் திறந்தபடி.

மிதுசன் போனைக் கீழே இறக்கினான்.

நான் மேசைக்குக் கீழே பார்த்தேன். அவருடைய சப்பாத்துக் கால்கள் நிலத்தில் இல்லை. வலது கால் மேலே. இடது கால் கீழே. இடது மேலே. வலது கீழே.

மிதித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மங்கையற்கரசி அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தா. யாரும் பாடாத மண்டபத்தில்.

அம்புலன்ஸ் வந்தது. ஸ்ற்றோக் இல்லை, தொண்டையில் ஒன்றும் இல்லை, நரம்பிலும் ஒன்றும் இல்லை என்று டொக்ரர்மார் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் ஒரு சொல் பேசியதில்லை. நாள்தோறும் ஐந்தரைக்கு, எங்கே இருந்தாலும், அந்தக் கால்கள் தொடங்கும். சரியாக நாற்பத்தைந்து நிமிடம். கசெற்றின் ஒரு பக்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிரசாந்தினியும் நானும் மில்லிக்கனுக்குப் போனோம். அந்த அழைப்பிதழில் பேர் இருந்த வயலின்காரர் சச்சிதானந்தன் மாஸ்ரர் அங்கேதான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு நிமிடத்திலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது எங்கை எடுத்தது?"

"அந்தக் கச்சேரியில எடுத்தது, மாஸ்ரர். அக்டோபர் பதினாறு," என்றாள் பிரசாந்தினி.

"அந்தக் கச்சேரி நடக்கேல்லை, பிள்ளை."

பிரசாந்தினி அழைப்பிதழை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"புதன்கிழமை விறாந்தையிலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனாங்கள். ரெண்டு பேர் வந்தவை. ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விடுறம் எண்டு அருளைக் கூட்டிக்கொண்டு போனவை. அவ கச்சேரி நோட்டீஸ் கட்டோடை போனவ. கச்சேரிக்குக் கட்டாயம் வந்திடுவன் எண்டு சொன்னவ. வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு நான் வயலினோடை மண்டபத்திலை இருந்தனான். சனமும் இருந்தது. அவ வரேல்லை. பிறகும் வரேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்டைக்குப் பாட இருந்த உருப்படிகள் இதுதான். இதே ஒழுங்கு. ஆனால் இது மேடை மூச்சு இல்லை. பின்னாலை டைனமோச் சத்தமும் கேக்குது. ஆரோ அவவைச் சைக்கிள் மிதிக்க விட்டிருக்கினம்."

பொடியன், பேர் ஞாபகமில்லை... என்று கழுத்தைச் சொறிந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

நான் கேட்கக்கூடாதுதான். கேட்டுவிட்டேன். "வந்த ரெண்டு பேர் ஆர், மாஸ்ரர்?"

"ஒருத்தனைத் தெரியாது. மற்றது பொம்பிளைப் பிள்ளை. எங்கடை துறையிலையே முதல் வருஷம் படிச்சது. அருள்தான் அதுக்குச் சரளி வரிசை சொல்லிக் குடுத்தவ. நம்பித்தான் பின்னாலை போனவ."

பிரசாந்தினி என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பதினைந்து வருடக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த பதிலை வெளியே சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

மில்லிக்கன் சம்பந்தம் முறிந்தது. ஆனால் மிதுசன் முறியவில்லை. பெற்றோரை மீறி மார்ச்சில் சிற்றி ஹோலில் அட்சயாவைக் கலியாணம் செய்தான். கார்டே அடிக்கவில்லை. முதல் கார்ட் எனக்கென்று சொன்ன கதை அப்படிப் போனது. இருவரும் கல்கரிக்கு வேலை மாற்றிப் போனார்கள். பிரசாந்தினி அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஏதோ வங்கியில் இருக்கிறாளாம். சத்தமில்லாத வேலை.

தியாகண்ணையை மே மாதம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். ஐந்தரைக்கு அவருடைய கட்டிலில் பட்டி கட்டுகிறார்களாம். பட்டிக்குள்ளும் கால் நிற்பதில்லையாம்.

மங்கையற்கரசி அக்கா வீட்டை விற்றா. போகிற அன்று என் வாசலுக்கு வந்து, "நான் மகளிட்டைப் போறன், மலர். இந்த ஊர்ச் சத்தம் எனக்கு வேண்டாம்," என்றா. கையில் ஒரு பெட்டி. நான் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

போன கிழமை அட்சயா போன் எடுத்தாள்.

"மலர் அன்ரி, அப்பாவுக்கு வந்தது அம்மாவுக்கும் வருமா? கதைக்கிறா இல்ல. ஒவ்வொரு நாளும் பின்னேரம் சோபாவில இருந்தபடி காலை மட்டும்..."

"எத்தனை மணிக்குப் பிள்ளை?"

"மூன்றரைக்கு."

கல்கரியில் மூன்றரை என்றால் இங்கே ஐந்தரை.

கசெற்றுக்கு இரண்டு பக்கம் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.